ஜிர்காடாங் கேட்டும் உன் மஞ்சள் கேட்டும்

ஜிர்காடாங்கில் பஸ் நின்றதும் டீக்கடைக்காரர் ஏலக்காயை இடித்துப் பாலில் போட்டார். அந்த வாசனை ஜன்னல் வழியாக ஏறி வந்தது. நான் வழக்கம்போல போனை எடுத்து, உன் பெயரைத் தேடி, பேசுவதற்காக வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய்விட்டேன். அப்புறம்தான் நீ இல்லை என்பது உறைத்தது. போன குளிர்காலத்தில் நீ செத்துப்போனது என் மூளைக்குத் தெரியும், கைக்கு இன்னும் தெரியவில்லை.

பக்கத்து சீட்டில் மடியில் குழந்தையுடன் ஒரு பெண். "நெட்வொர்க் இல்லயா அக்கா? இங்க எப்பவும் இப்படித்தான்" என்றாள். ஆமாம் என்று போனைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். இங்கே பேசிப் பதிவு செய்தால் பாராடாங் தாண்டி எங்காவது சிக்னல் கிடைக்கும்போது தானாகப் போய்ச் சேரும். அப்படித்தானே இத்தனை வருஷம் உனக்கு அனுப்பினேன். இன்றைக்குப் பேச முடியாததை மாயாபந்தரில் அப்பா வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். எங்கே அனுப்புவது என்று கேட்காதே.

இந்த கேட்டைப் பற்றி உனக்கு எத்தனை தடவை அளந்திருப்பேன். போர்ட் பிளேரிலிருந்து வடக்கே எங்கள் ஊருக்குப் போக இருக்கும் ஒரே ரோடு. நடுவில் காடு. காட்டுக்கு இந்தப் பக்கம் ஜிர்காடாங்கில் ஒரு கேட், அந்தப் பக்கம் மிடில் ஸ்ட்ரெய்ட்டில் ஒரு கேட். குறித்த நேரத்தில்தான் திறப்பார்கள். முன்னால் ஒரு போலீஸ் வண்டி, பின்னால் ஒரு போலீஸ் வண்டி, நடுவில் நாங்கள் எல்லாரும் வரிசையாகப் போக வேண்டும். நிற்கக் கூடாது, இறங்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. கான்வாய் என்போம். இவ்வளவையும் சொன்ன நான், அந்த கேட் எதற்காக இருக்கிறது என்பதை மட்டும் பல வருஷம் உனக்குச் சொல்லவில்லை. மறைக்கவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை. அதுதான் வெட்கக்கேடு.

கோயம்புத்தூரில் அந்த காலேஜ் ஹாஸ்டலில் தீபாவளிக்கு எல்லோரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். மிச்சம் இருப்பது நாம் இரண்டு பேர். நான் சென்னைக்கு ரயிலேறி, அங்கே கப்பலுக்குக் காத்திருந்து, கடலில் மூன்று நாள் குலுங்கி ஹேடோ துறைமுகத்தில் இறங்குவதற்குள் லீவு முடிந்துவிடும். நீ ஜெருசலேமுக்கு வடக்கே நாப்லஸுக்குப் பக்கத்தில் இருக்கும் உன் ஊருக்குப் போய் வர மனுப் போட வேண்டும், வளைகுடா வழியாக அம்மான் நகரத்துக்குப் பறக்க வேண்டும், அங்கிருந்து எல்லைப் பாலம் தாண்ட வேண்டும். "பாலம் சின்னதுதான் டி. அதைத் தாண்டத்தான் ஒரு நாள்" என்பாய். மூன்று கவுன்ட்டர், மூன்று கொடி, ஒவ்வொன்றிலும் அதே பெட்டியை அவிழ்த்துக் காட்ட வேண்டும். நீ கொண்டுபோன மைசூர்பாகை ஒரு சிப்பாய் குச்சியால் குத்திப் பார்த்த கதையைச் சொல்லி நாம் இருவரும் சிரித்துப் புரண்டிருக்கிறோம்.

காலியான ஹாஸ்டலில் நீ ஹீட்டரைக் கள்ளத்தனமாகச் சொருகிக் காபி போடுவாய். பால் கிடையாது, ஏலக்காய் மட்டும் வாரி இறைப்பாய். அந்தக் கசப்பை நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பேன்.

எனக்கு அங்கே ஐலண்டு என்று பெயர். "உங்க ஊர்ல கரன்ட் இருக்கா? தமிழ் எப்படிப் பேசறே?" என்று கேட்பார்கள். உனக்குத் துபாய் என்று பெயர் வைத்தார்கள். அது என் ஊர் இல்லை, என் ஊர் இருக்கும் இடம் வேறு என்று நீ ஒவ்வொருத்தியிடமும் படம் போட்டு விளக்கினாய். கடைசி வருஷம் வரைக்கும் மெஸ் அக்கா "துபாய் பாப்பா, சாப்பிட வா" என்றுதான் கூப்பிட்டார். அப்போது நானும் சேர்ந்து சிரித்தேன்.

யாருக்கு வீட்டுக்குப் போகும் வழி கஷ்டம் என்று நமக்குள் ஒரு போட்டி இருந்தது. தீவுக்காரர்களுக்கு இது ஒரு பழக்கம். மெயின்லேண்ட் ஆள் யாராவது சிக்கினால் கப்பல் டிக்கெட், ஹெலிகாப்டர் சீட், வராத காய்கறி என்று எங்கள் பாட்டைக் கடைவிரித்துவிடுவோம். அதில் ஒரு பெருமை. அந்தப் புத்தியில்தான் உன்னிடமும் சொன்னேன்.

"எங்க ஊர்லயும் செக்போஸ்ட் இருக்கு. ஐடி கேப்பாங்க. போலீஸ் கூடவே வரும். டைம் தாண்டிட்டா கேட்டை மூடிடுவாங்க, அவ்ளோதான், அடுத்ததுக்குக் காத்துக் கிடக்கணும்."

உன் கண் விரிந்தது. "நிஜமாவா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாய். இந்த நாட்டில் உன்னைப் புரிந்துகொள்ள ஓர் ஆள் கிடைத்துவிட்டது என்று நினைத்தாய். நானும் அந்த இடத்தில் ஜம்மென்று உட்கார்ந்துகொண்டேன். அன்றிலிருந்து நாம் இருவரும் கேட்டுக்காரிகள். நீ வைத்த பெயர்.

பட்டம் வாங்கிக்கொண்டு பிரிந்தோம். நான் போர்ட் பிளேரில் அபர்டீன் பஜாரில் மருந்துக்கடையில் உட்கார்ந்தேன். நீ நாப்லஸில் ஒரு மருந்துக்கடையில் உட்கார்ந்தாய். உன் ஊரிலிருந்து நகரத்துக்கு அரை மணி நேர வழி. அந்த வழியில் ஆக்கிரமிப்பு ராணுவத்தின் மஞ்சள் இரும்பு கேட். காலையில் அது திறந்திருந்தால் வேலை, மூடியிருந்தால் திரும்பிப் போக வேண்டும். எந்த நாள் எப்படி என்று யாரும் சொல்வதில்லை. எங்கள் கான்வாய்க்கு நேரம் எழுதி ஒட்டியிருப்பார்கள். உன் கேட்டுக்கு அதுகூட இல்லை என்று நீ சொன்னபோதுகூட எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

கியூவில் நின்றுகொண்டு நீ அனுப்பிய குரல்களை இன்னும் அழிக்கவில்லை. பின்னால் ஹாரன் சத்தம், யாரோ அரபியில் கத்துவது, நடுவில் உன் கோயம்புத்தூர்த் தமிழ். "இங்க தமிழ்ல திட்டினா ஒருத்தனுக்கும் புரியாதுங்க. சிரிச்சுக்கிட்டே திட்டறேன். அவனும் சிரிக்கறான். எவ்ளோ சுகம் தெரியுமா டி." நான் பதிலுக்கு ஜிர்காடாங்கிலிருந்து என் கியூவைப் பற்றி அனுப்புவேன். "நானும் மாட்டிக்கிட்டேன் டி, ஒன்பது மணி கான்வாய் போயிடுச்சு." அடுத்ததுக்கு நான் காத்திருந்தது சமோசா தின்றுகொண்டு. அதைச் சொல்லவில்லை.

பிறகு உன் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. வாரத்தில் மூன்று நாள் நாப்லஸ் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். அன்றிலிருந்து உன் வாழ்க்கையில் ஒரே கேள்விதான் இருந்தது. இன்றைக்கு கேட் திறக்குமா, மெஷினுக்குப் போய்ச் சேர முடியுமா. நாம் இருவரும் மருந்து படித்தவர்கள். ஒரு தவணை தவறினால் ரத்தத்தில் பொட்டாசியம் என்ன செய்யும், இரண்டு தவறினால் நெஞ்சு என்ன ஆகும் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கேட் மூடிய நாளில் உன் அண்ணன் மலைப்பக்கம் சுற்றிக்கொண்டு வண்டியை ஓட்டுவார். நீ பின்சீட்டில் படுத்தபடி, "பொட்டாசியம்னு வாழைப்பழத்தை விட்டு ஆறு மாசம் ஆச்சு. உங்க கடைக்கு எதிர்ல தொங்குமே, அதுல ஒரு படம் அனுப்பு" என்று கேட்டாய். சீப்புச் சீப்பாகப் படம் அனுப்பினேன்.

கையில் ஊசி போடும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டபோது ஜெருசலேமில்தான் ஆபரேஷன் என்றார்கள். அங்கே போக பெர்மிட் வேண்டும். கூட வருகிறவருக்குத் தனியாக பெர்மிட். உனக்கு வந்தது. உன் அம்மாவுக்குப் பரிசீலனையில் என்று மெசேஜ் வந்தது. மறுபடி கேட்டாலும் அதே மெசேஜ். "அம்மா பையில சுகர் மாத்திரையும் தஸ்பீஹ் மணிமாலையும்தான் இருக்கு. எதைப் பரிசீலிக்கறாங்கன்னு தெரியல" என்றாய். கடைசியில் தனியாகப் போனாய். மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்தபோது பக்கத்துப் படுக்கையில் இருந்த யாரோ ஒரு கிழவி உன் உதட்டில் தண்ணீர் தொட்டு வைத்தாராம். அதைச் சொல்லும்போது மட்டும் உன் குரலில் கேலி இல்லை. "கூட யாராவது இருக்கணும் டி. வலியைவிட அதுதான் பெரிசா இருந்துச்சு" என்றாய்.

போன வருஷம் மழைக்காலத்தில் நான் மாயாபந்தரில் இருந்தபோது அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. இங்கே ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு உடனே போர்ட் பிளேருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஹெலிகாப்டர் மேகத்தில் பறக்காது. ஆம்புலன்ஸ்தான். அம்மா, தம்பி, நான் மூன்று பேரும் ஏறிக்கொண்டோம். நீங்கள் யார், எதற்கு மூன்று பேர் என்று ஒருவரும் கேட்கவில்லை. கடைசி கான்வாய் போய்விட்டிருந்தது. பாராடாங் படகுத்துறையில் பெர்ரிக்காரர்கள் சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு வந்து எங்களை அக்கரை சேர்த்தார்கள். மிடில் ஸ்ட்ரெய்ட் கேட்டில் சைரன் கேட்டதும் ஒரு போலீஸ்காரர் மழையில் செருப்பில்லாமல் ஓடிவந்து கம்பத்தைத் தூக்கினார். வண்டி வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை. "ஜாவ், ஜாவ்" என்று போகச் சொல்லிக் கையை ஆட்டினார். அப்பா பிழைத்தார்.

அந்த வாரம் உனக்கு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். எவ்வளவு வேகமாக கேட் திறந்தது என்பதை இரண்டு தடவை சொன்னேன். யாரிடம் சொல்கிறோம் என்ற யோசனை துளியும் இல்லாமல்.

நீ அழுதாய். சந்தோஷத்தில்தான். "அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ்" என்று நாலைந்து தடவை. அப்புறம், "அந்தப் போலீஸ்காரர் பேர் என்ன? தொழுகையில சேர்த்துக்கணும்" என்றாய்.

பெயர் எனக்குத் தெரியாது. கேட்கவே தோன்றவில்லை. கேட் திறப்பது எங்களுக்குச் சேர வேண்டிய உரிமை, அதற்கு யார் போய்ப் பேர் கேட்பார்கள்.

"சரி, பேர் இல்லாமலே கேக்கறேன். அல்லாவுக்குத் தெரியும்" என்றாய். பிறகு, இத்தனை வருஷத்தில் கேட்காததைக் கேட்டாய். "அந்த கேட் எதுக்கு டி அங்க இருக்கு? ராணுவமா?"

ராணுவம் இல்லை என்றேன். அது ஜாரவா பழங்குடிகளின் காடு. அவர்கள் அங்கே எத்தனையோ ஆயிரம் வருஷமாக இருப்பவர்கள். வெளியாட்கள் போய்த் தொந்தரவு பண்ணக் கூடாது, நோய் கொண்டுபோய் ஒட்டக் கூடாது என்பதற்காகத்தான் போலீஸ் என்றேன். சொல்லச் சொல்லவே எனக்குள் ஏதோ இறங்கியது.

"அப்ப அந்த கேட் உன்னை அடைச்சு வைக்க இல்ல, அவங்களை உங்ககிட்டருந்து காப்பாத்த" என்றாய்.

"ஒரு விதத்துல ஆமா."

"எங்க ஊருக்கு மேலயும் ஒரு ரோடு போகுது. எங்க நிலத்துல வந்து குடியேறினவங்க போற ரோடு. அவங்க பஸ்ஸுக்கும் முன்னால பின்னால ஜீப் வரும். ஜன்னல்ல குழந்தைங்க மூக்கை ஒட்டிக்கிட்டு எங்களைப் பாக்கும். நான் கையாட்டினா சில குழந்தை ஆட்டும்."

நீ குற்றம் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பது போலத்தான் சொன்னாய். எனக்குத்தான் சுருக்கென்றது. உடனே எகிறினேன். எங்க தாத்தா ராமநாதபுரத்திலிருந்து இந்த ரோடு போட வந்த கூலி, பஞ்சம் பிழைக்க வந்தவர், துப்பாக்கி தூக்கி வந்தவர் இல்லை, நாங்கள் வேறே எங்கே போவது, எதை எதோடு ஒப்பிடுகிறாய் என்று மூச்சுவிடாமல் பேசினேன். ஒப்பிட ஆரம்பித்தது நான். பதினெட்டு வயதிலிருந்து ஒப்பிட்டுக்கொண்டே வந்தது நான். எனக்குச் சாதகமாக இருந்தவரை அது எனக்கு இனித்தது.

"தெரியும் டி. உன்னைச் சொல்லல. உன் தாத்தாவையும் சொல்லல" என்றாய். "எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். அந்தக் காட்டுல ஒருத்திக்கு உடம்பு முடியலைன்னா என்ன பண்ணுவா?"

கதம்தலாவில் ஆஸ்பத்திரி இருக்கிறது, அங்கே கூட்டிக்கொண்டு வருவார்கள் என்று கேள்விப்பட்டதைச் சொன்னேன்.

"கூட யாரு வரலாம்?"

தெரியாது என்றேன். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். "கேட்டுச் சொல்லு. மறந்துடாத" என்றாய். அதற்குள் டயாலிசிஸுக்கு உன் முறை வந்துவிட்டது. நர்ஸ் கூப்பிடும் சத்தம் எனக்கும் கேட்டது.

அதன் பிறகும் பேசினோம். அப்பாவின் மாத்திரை, உன் அண்ணன் மகளின் பரீட்சை, இங்கே ஊர்ப் பெயரை மாற்றியும் நாங்கள் இன்னும் போர்ட் பிளேர் என்றே சொல்வது. நீ அந்தக் கேள்வியை மறுபடி எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. கான்வாயைப் பற்றி உனக்குப் புலம்புவதை மட்டும் நிறுத்தினேன். நீ அதைக் கவனித்தாய். "என்ன ஐலண்டு, இப்பல்லாம் உன் கேட் சும்மா இருக்கா?" என்று சீண்டினாய்.

குளிர்காலத்தில் உன் அண்ணனிடமிருந்து ஆங்கிலத்தில் ஒரு மெசேஜ் வந்தது. நீ வீட்டில், உன் அம்மா பக்கத்தில் இருக்க, விடியும்போது போய்விட்டாய். அந்த வாரம் கேட் ஒரே நாள்தான் திறந்திருந்தது என்றும் எழுதியிருந்தார். இரண்டுக்கும் நடுவில் அவர் 'அதனால்' என்ற சொல்லைப் போடவில்லை. மருந்து படித்தவள் என்பதால் என்னால் போட முடியும். போட்டேன். கடையில் எண்ணிக்கொண்டிருந்த மாத்திரை அட்டையை வைத்துவிட்டுப் பின்பக்கம் போய் நின்றேன். அழுகைக்கு முன்னால் வந்தது வெட்கம்தான். நானும் மாட்டிக்கிட்டேன் டி என்று உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். நீ ஒருநாளும் என்னை வெளியே போ என்று சொல்லவில்லையே. உன் துக்கத்தில் எனக்கு ஓர் ஓரத்தில் இடம் கொடுத்து, கேட்டுக்காரி என்று பேரும் வைத்தாய்.

இன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒன்பது மணிக்கு கேட் திறந்தது. கண்டக்டர், "கிட்கி பந்த் கரோ, சப் லோக். ஜன்னலை மூடுங்க. போட்டோ எடுத்தா பஸ்ஸோட நிறுத்திடுவாங்க, அப்புறம் என்னைச் சொல்லாதீங்க" என்று நடந்துவந்தார். பஸ் காட்டுக்குள் இறங்கியது. கொஞ்ச தூரத்துக்கெல்லாம் முன்சீட்டில் ஒருவர் எழுந்து, "உதர் தேக்கோ, உதர்" என்று வெளியே கைகாட்டினார். பஸ் முழுக்க ஒரு பக்கம் சாய்ந்தது. ரோட்டோரத்தில் யாரோ நின்றிருக்க வேண்டும். நான் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்பெல்லாம் நானும் எழுந்து பார்த்தவள்தான். தம்பி சின்னவனாக இருந்தபோது அவனைத் தோளில் தூக்கிக் காட்டியவள்.

பக்கத்துப் பெண் என் தோளைத் தொட்டாள். "அக்கா, கொஞ்சம் நகர்ந்துக்கங்க. என் பச்சாவுக்கு ஜாரவா பாக்கணுமாம்."

குழந்தையின் முகத்தைப் பார்த்தேன். உன்னை நினைத்தேன். சத்தியமாக அந்த நேரத்தில் உன்னைத்தான் நினைத்தேன். வேண்டாம்மா, அவங்க ஒண்ணும் வேடிக்கை இல்ல என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் அவள் முகம் சுண்டிப்போகும். மாயாபந்தர் வரை பக்கத்தில் உட்கார்ந்து வர வேண்டும். நான் நகர்ந்து கொடுத்தேன். குழந்தை கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு கையாட்டியது. வெளியே இருந்து யாராவது திருப்பி ஆட்டினார்களா என்று நான் பார்க்கவில்லை.

மிடில் ஸ்ட்ரெய்ட், பெர்ரி, பாராடாங் எல்லாம் தாண்டிவிட்டோம். கதம்தலா வரும்போது இறங்கி அந்த ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். ஒரே ஒரு கேள்வி, கூட யார் வரலாம் என்று. நான் மருந்துக்கடைக்காரி, அந்த ஊரில் எனக்குத் தெரிந்த நர்ஸ்கூட இருக்கிறாள். நீ போன பிறகு ஒவ்வொரு பயணத்திலும் இதையே முடிவு செய்கிறேன்.

பஸ் கதம்தலாவில் நின்றது. பாதிப் பேர் இறங்கினார்கள். அந்தப் பெண் தூங்கிவிட்ட குழந்தையை என் மடியில் போட்டு, "பாத்துக்கங்க அக்கா, பிஸ்கட் வாங்கிட்டு வந்துடறேன்" என்று போனாள். அவள் திரும்பி வந்த பிறகும் டிரைவர் டீ குடித்துக்கொண்டுதான் இருந்தார். நேரம் இருந்தது. நான் என் சீட்டிலேயே இருந்தேன்.